மீசையில் மகரந்தம்

மிராசுதார் தணிகாசலத்தின் மீசையைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. ஒருநாள் அதில் ஒரு தேனீ உட்கார்ந்துவிட்டது. அந்தக் கோபத்தில் தோட்டத்து வேலியிலிருந்த தேன்கூடுகளையெல்லாம் கொளுத்தச் சொல்லிவிட்டார். அந்த மார்கழியில் பூசணிக்கொடி பூத்துக் குலுங்கியது. ஆனால் ஒரு பிஞ்சும் நிற்கவில்லை.

தோட்டக்காரி சடைச்சியைக் கூப்பிட்டார். "எட்டு நாளிலே காய் பிடிக்கணும். இல்லேன்னா குடிசையைக் காலி பண்ணு."

"பிடிச்சிரும் எசமான். ஆண்பூவோட பொடியைப் பெண்பூவிலே சேர்க்கணும். தேனீக்கு உடம்பெல்லாம் மெத்துன்னு ரோமம், அது சேர்த்துச்சு. என் கை காய்ச்சுப்போன கை. ஊரிலேயே அப்படி ரோமம்னா..." அவள் அவர் மீசையைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

மிராசுதாருக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் விடியலிலேயே கொடிக்குள் தவழ்ந்து, பூவுக்குப் பூ மீசையைத் தேய்த்தார். நாலு பெண்பூ முடிவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. வேலிக்கு வெளியே ஊரே நின்று சிரித்தது.

"இன்னும் எத்தனைடி?"

"அறுபது எசமான். வெயில் ஏறினா பூ மூடிக்கும். நாளைக்குப் புதுசா பூக்கும்."

"இனி எவனாவது கூட்டிலே தீ வெச்சான்..." என்று முனகினார் மஞ்சள் மீசைக்காரர்.

தையில் நாலே காய்கள் கிடந்தன. "நாலுக்கும் எசமான் சாடைதான்" என்றாள் சடைச்சி, தன் குடிசை வாசலிலிருந்து. மிராசுதார் திரும்பியபோது, எங்கிருந்தோ ஒரு தேனீ வந்து அவர் மீசையில் உட்கார்ந்தது.

அவர் அசையவில்லை.