புளியமரத்தில் குருசுமுத்து

"என் மகளுக்கு மரம் ஏறச் சொல்லிக் கொடுக்கிறதை நிறுத்துங்க டீச்சர்."

குருசுமுத்து குளத்தங்கரைக்கு வந்ததும் இதைத்தான் சொன்னார். வணக்கம்கூட இல்லை.

மரகதம் டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்தங்கரைப் புளியமரத்தில் பிள்ளைகளுக்கு ஏறக் கற்றுக்கொடுப்பார். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. ஏறினால் ஜாலியாக இருக்கும். அவ்வளவுதான்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"போன வாரம் விழுந்துட்டா. முழங்கையில தோலு உரிஞ்சிட்டு. அன்னையிலேருந்து எங்கிட்ட பேச மாட்டேங்கா. ஏழு நாளாச்சு."

"விழுந்தவளுக்கு மரத்து மேலதான கோவம் வரணும்?"

"அதான் எனக்கும் புரியலை."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"இந்த வழியாத்தான் சைக்கிள்ல வந்தேன். அண்ணாந்து பார்த்தா கிளையில நிக்கா. எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு. 'ஏட்டி, விழப்போற!'ன்னு கத்தினேன்."

"கத்தினது முந்தியா, வழுக்கினது முந்தியா?"

குருசுமுத்து மகள் பக்கம் திரும்பினார்.

கொஞ்ச தூரத்தில், கரைக்கல்லில் பியூலா உட்கார்ந்திருந்தாள். எட்டு வயசு. எல்லாம் காதில் விழுந்தது. அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

"பெத்தவன் கத்தாம என்ன செய்வான்?" என்றார் குருசுமுத்து.

"செருப்பைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"சாரத்தை இறுக்கி மடிச்சுக் கட்டுங்க. ஏறுங்க."

"நான் தையல்காரன் டீச்சர்!"

"மரத்துக்கு அது தெரியாது."

ஏறினார். வேறு வழி? மகள் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கீழே இருந்து மெதுவாகச் சொன்னார். "ஒரு நேரத்துல ஒரு கை, இல்லேன்னா ஒரு காலு. மத்த மூணும் மரத்துல இருக்கட்டும். பட்டுப்போன கிளையைப் பிடிக்காதீங்க."

கிளை பிரிகிற முதல் கவட்டைக்குப் போய் உட்கார்ந்தார். பெரிய உயரம் ஒன்றும் இல்லை. ஓர் ஆள் உயரம்.

காற்று அடித்தது. குளம் முழுக்கத் தெரிந்தது. குருசுமுத்து சிரித்துவிட்டார்.

அப்புறம் கீழே பார்த்தார்.

சிரிப்பு போய்விட்டது.

"டீச்சர், இறங்கணும். காலை எங்க வைக்க?"

"நான் நிக்கிற பக்கத்துலேருந்து தெரியலையே. பியூலா இருக்கிற பக்கம்தான் தெரியும்."

"நீங்க அங்க போய்ப் பார்த்துச் சொல்லுங்களேன்!"

டீச்சர் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

குருசுமுத்து கிளையை இறுக்கிப் பிடித்தார். கிளையின் இலையெல்லாம் நடுங்கின.

"ஏட்டி..." என்று சத்தமாக ஆரம்பித்தார். நிறுத்தினார்.

குரலைத் தாழ்த்தினார்.

"பியூலா."

அவள் அசையவில்லை.

"அப்பாவுக்குப் பயமா இருக்கும்மா."

பியூலா எழுந்தாள். மரத்தடிக்கு வந்தாள். நேர் கீழே நிற்காமல் ஓரமாக நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இடது காலுப்பா. ஒரு சாண் கீழே ஒரு முண்டு புடைச்சிட்டு இருக்கு. மெதுவா வைங்க."

குருசுமுத்து காலை இறக்கித் துழாவினார்.

"அவசரம் இல்லைப்பா. நான் கத்த மாட்டேன்."