அக்காகிட்ட எந்திரம், தங்கச்சிகிட்ட கூடு

ஒரு ஊர்ல மோத்தான்னு ஒருத்தர் இருந்தாரு. ஊரு தூத்துக்குடி, பேரு லியோனார்டு மோத்தா. பழைய சுவிஸ் பாக்கெட் கடிகாரமாத் தேடித்தேடிச் சேப்பாரு. அதுலயும் டூர்பியான் வெச்சதுன்னா உசுரு.

"அப்படின்னா?"

கடிகாரத்துக்குள்ள ஒரு குட்டிச் சக்கரம் ஆடிக்கிட்டே இருக்கும்லா, அதை ஒரு கூண்டுல வெச்சு, கூண்டையே மெதுவாச் சுத்த விட்டிருப்பாங்க. அதான்.

"ம்."

அப்புறம், மணப்பாட்டுல அப்படி ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டாரு. ஒரு கப்பல்காரரோடது. அவரு செத்ததும் ரெண்டு மகளும் சண்டை போட்டு அதைப் பிரிச்சுக்கிட்டாங்க. அக்கா செசிலிக்கு எந்திரம். தங்கச்சி மதலேனுக்கு அதை மூடியிருந்த தங்கக் கூடும், முடுக்குற சாவியும். அடுத்தடுத்த வீடு. பேச்சுவார்த்தை கிடையாது. கடிகாரமும் ஓடல.

மோத்தா முதல்ல அக்கா வீட்டுக்குப் போனாரு. டொக் டொக்.

"தங்கச்சி கூட்டைத் தரட்டும், அப்புறம் நான் தாரேன்"னா அக்கா. கதவு டமார்!

ரெண்டாவது தடவை வந்து தங்கச்சி வீட்டுக்குப் போனாரு. டொக் டொக்.

"அக்கா முதல்ல தரட்டும்"னா அவ. இந்தக் கதவும் டமார்!

"ம்... அப்புறம்?"

அப்புறம் ஊருக்குப் போயிட்டு மூணாவது தடவையா வந்தாரு. "தரவே வேண்டாம். ஒரே ஒரு தடவை ஒண்ணாச் சேத்துப் பாத்துக்கிடுதேன்"னு கேட்டாரு. சரின்னு ரெண்டு பேரும் கோயில் வாசலுக்கு வந்தாங்க. முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தாங்க.

மோத்தா எந்திரத்தைத் துடைச்சாரு. கூட்டுக்குள்ள பொருத்தினாரு. சாவியைப் போட்டாரு. கிர்க், கிர்க், கிர்க். உள்ள இருந்த அந்தக் குட்டிக் கூண்டு அசையல. லேசா ஒரு தட்டு தட்டினாரு.

டிக் டிக் டிக் டிக்.

ரெண்டு பேரும் திரும்பிட்டாங்க.

"அக்கா, அப்பா இதை என் காதுல வெப்பாருலா?"

"எனக்குந்தாம்ட்டி வெப்பாரு."

பெறவு அக்கா சொன்னா, "உன் வீட்டுலயே இருக்கட்டும்."

"இல்லக்கா, உன் வீட்டுல இருக்கட்டும்."

இப்படியே பேசிக்கிட்டு ரெண்டு பேரும் கடிகாரத்தோட எந்திரிச்சுப் போயிட்டாங்க. மோத்தாகிட்ட வாங்கன்னும் சொல்லல, போங்கன்னும் சொல்லல. அவரு கையைத் துடைச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டாரு.

வீட்டுல அவரு பொண்டாட்டி கேட்டா, "கிடைச்சுதா?"

"இல்ல."

"அப்போ இத்தனை தடவை அலைஞ்சது?"

மோத்தா செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சாரு. "ஓடுது"ன்னாரு.

...

மக்கா? கேக்கியா?

சரி, இம்புட்டுதான் கதை. நல்லா இழுத்துப் போத்திக்கோ.