ஒற்றை எழுத்துக்கு உடுப்பு

செங்கோட்டூரை ஆண்ட சூரப்ப பூபதிக்குப் பரிசு என்றால் கொள்ளை ஆசை. ஜப்பானிலிருந்து வந்த தூதர் ஒருவர் அவருக்கு ஒரு காகிதத்தைப் பரிசாகக் கொடுத்தார். அதில் பெரிய தூரிகையால் எழுதிய ஒரே ஓர் எழுத்து. மற்றபடி வெள்ளை.

"இதற்கு என்ன பொருள்?" என்றார் அரசர்.

துபாஷி தூதரைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "'இல்லை' என்று பொருளாம், மகாராஜா. துணியில் ஒட்டி, மேலே குச்சியும் கீழே உருளையும் வைத்துத் தொங்கவிடுவார்களாம். வேண்டாதபோது பாய்போலச் சுருட்டிக்கொள்ளலாமாம். பத்து நாளில் தூதர் திரும்பி வருவார். தொங்குவதைப் பார்க்க ஆசைப்படுகிறார்."

அலங்கார அதிகாரி திருமேனி ராயர் அரசரின் காதோரம் குனிந்தார். "இந்த வேலைக்கு அம்பலவாணர்தான் பொருத்தம். வேண்டுமானால் ஒரு நிபந்தனை வையுங்கள்."

தன் அலங்காரங்களைக் கேலி செய்யும் அரசவை விகடகவி அம்பலவாணர்மேல் ராயருக்கு வெகுநாள் எரிச்சல். அரசருக்கு நிபந்தனை என்றாலே குஷி.

"அம்பலவாணரே, எழுத்துக்கு நீர் போடும் துணி உடுப்பு இதுவரை யாரும் காணாத புது மாதிரியாக இருக்க வேண்டும். ஆனால் திரை விலகியதும் சபையில் எழும் முதல் புகழ் எழுத்துக்குத்தான். துணிக்கு என்றால் நீர் மூட்டையைக் கட்டலாம்."

புதுமையாகவும் இருக்கணும், கண்ணிலும் படக்கூடாது. அம்பலவாணருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஊரிலேயே உசத்தியான மயில்கழுத்துப் பட்டை வீட்டுக்கு வரவழைத்தார். அகலச் சரிகை. அதை விரித்து, நடுவில் எழுத்தை வைத்து மனைவி மீனலோசனியைக் கூப்பிட்டார்.

அவள் நின்று நிதானமாகப் பார்த்தாள். "புடவை ரொம்ப அழகு. நடுவில் மையைக் கொட்டினது யாரு?"

அம்பலவாணர் பட்டைச் சுருட்டி வைத்துவிட்டார். சாயம் காணாத கைத்தறிப் பருத்தியை எடுத்தார். ஓரமாக ஒரு விரற்கடை, அதற்குமேல் இல்லை. மேலே மட்டும் நிறைய இடம் விட்டார். முதலில் பசை கெட்டியாகிப் போனது, காகிதம் அப்பளம்போல் வளைந்தது. மெல்ல நனைத்துப் பிரித்து, நீர்த்த கஞ்சிப் பசையால் மறுபடி ஒட்டி, பலகையில் மூன்று நாள் காயவிட்டார். உருளைக்கு மூங்கில். கடைசியில் தூக்கிப் பிடித்தபோது எழுத்து மட்டும் காற்றில் நிற்பதுபோல் இருந்தது. அவருக்கே உள்ளம் குளிர்ந்தது.

அம்பலவாணர் வீட்டுக்குப் பட்டு போனதைப் பார்த்த ராயருக்குப் பருத்தி போனது தெரியாது. சபைப் பிரபுக்கள் எட்டுப் பேருக்கு விருந்து வைத்தார். பாயசத்தோடு பாடமும் பரிமாறினார்: "திரை விலகியதும் பட்டைப் புகழுங்கள். சரிகையை விட்டுவிடாதீர்கள்."

பத்தாம் நாள் தூதர் வந்தார். சபை நிறைந்தது. திரை விலகியது.

"ஆகா, என்ன பட்டு," என்றார் ஒருவர்.

"மயில்கழுத்து நிறம் கண்ணைப் பறிக்கிறது," என்றார் அடுத்தவர்.

"அந்தச் சரிகையைப் பாருங்கள்," என்றார் மூன்றாமவர். பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்; தொங்கியது வெறும் பருத்தி. மற்றவர்கள் வாயும் பாதியில் நின்றது.

ராயருக்கும் சரிகை கண்ணில் படவில்லை. ஆனால் நிபந்தனையை விட மனமில்லை. "மகாராஜா, முதல் புகழ் துணிக்குத்தான் போனது. சபை முழுக்கச் சாட்சி."

அரசர் முகம் இறுகியது. "என்ன சொல்கிறீர், அம்பலவாணரே?"

அம்பலவாணர் சுருளருகே போனார். ஒருகணம் எழுத்தைப் பார்த்தார். பிறகு பணிவாகக் கேட்டார். "மகாராஜா, இந்தச் சுருளில் பட்டு இருக்கிறதா?"

"இல்லை."

"சரிகை?"

"இல்லை."

"மயில்கழுத்து நிறம்?"

"அதுவும் இல்லை."

"பிரபுக்கள் மூவரும் புகழ்ந்தது 'இல்லை'யைத்தானே? எழுதியிருப்பதும் அதுதான். ஜப்பான் எழுத்தைத் துபாஷி இல்லாமலே வாசித்துப் புகழ்ந்த சபை நம் சபை ஒன்றுதான்."

துபாஷி அதை மொழிபெயர்த்ததும் தூதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அரசருக்குச் சிரித்துச் சிரித்துக் கிரீடம் நழுவியது. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணருக்குப் போட்டார்.

ராயர் மெதுவாகக் கேட்டார், "இந்த வேலைக்கு இவரைச் சொன்னது நான்தானே, எனக்கு என்ன பரிசு, மகாராஜா?"

அரசர் சுவரிலிருந்த எழுத்தைக் கைகாட்டினார். "வாசித்துக்கொள்ளும்."