தண்ணீர்க் கொம்பு

செங்குளம் பாளையத்துச் சண்டைக் கதையை மருதப்பன் பல வருஷங்களாக நம்பவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர்; மடத்தில் சீடர். கதையில் வருகிறவரே தன் குரு என்பதால், வாயைத் திறந்து சொன்னதில்லை.

அப்பா செத்த கையோடு அரண்மனைப் பிள்ளைகள் இருவரும் பட்டத்துக்கு அடித்துக்கொண்ட காலம். மருதப்பனின் குருவாக இன்று எல்லாரும் கும்பிடும் குதிரைச்சாமி, அன்று சின்னவரின் குதிரைப்படைத் தலைவர்.

ஏரிக்கரையில் இரண்டு படையும் எதிரெதிரே நின்றன. பாய்ச்சலுக்கான கொம்பை ஊத வேண்டிய சாமி, குதிரைகளைத் தண்ணீருக்கு அழைக்கும் கொம்பை ஊதினார்.

எல்லாம் ஒரே லாயத்தில் வளர்ந்த குதிரைகள். இரண்டு பக்கமும் ஏரிக்குத் திரும்பிவிட்டன.

சேணப்பட்டையைத் தளர்த்தாமல் குதிரையைக் குடிக்க விடுகிறவனை அந்தப் பாளையத்தில் ஆளாகவே மதிக்கமாட்டார்கள். சாமி முதலில் இறங்கினார். பெரியவரின் வேல்காரர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பட்டையைத் தளர்த்தினார்.

பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கினார்கள். சேணம் தளர்ந்தபின் யார் ஏறிச் சண்டை போடுவது? அன்று ஒருவரும் சாகவில்லை.

மடத்துக்கு வருகிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்கள்.

குதிரைகள் திரும்பியதை மருதப்பன் நம்பினார். வேல்களுக்குக் காட்டிய அந்த முதுகைத்தான் நம்ப முடியவில்லை.

ஒரு நாள் சாமி வந்து சொன்னார்:

"உன் தம்பி வாசலில் நிற்கிறான். கொழும்புக்குக் கப்பலேறப் போகிறானாம். இனி திரும்புவதாக இல்லையாம்."

அம்மாவின் சாவு வீட்டில் தொடங்கிய பகை. அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

"என்னைப் பார்க்க வந்தானா, சாமி?"

"குதிரைக்குத் தண்ணீர் காட்ட வந்தானாம். உன்னை யார் கேட்டது என்கிறான்."

"திமிரைப் பாருங்கள்! வழியிலுள்ள குளமெல்லாம் வற்றிப்போச்சாக்கும்?"

"நிரம்பித்தான் கிடக்கின்றன."



"மூத்தவன் நான். அவன் இறங்கி உள்ளே வரட்டும். நானே போய் நின்று, அவன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால்?"

சாமி கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி தண்ணீர் இறைத்து வந்து மருதப்பனின் காலடியில் வைத்தார்.

வாசலில் குதிரை கனைத்தது.

மருதப்பன் வாளியைத் தூக்கினார். படிவரை போனார். வெயிலில், சேணத்தை விட்டு அசையாமல், தம்பி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் தளும்பிக் காலை நனைத்தது. மருதப்பன் திரும்பிப் பார்த்தார்.

"அன்று ஏரிக்கரையில் குனிந்தபோது பயமாக இருந்ததா, சாமி?"