வாசலோரம் பட்ட கை

அம்பலவாணன் மடத்துக்குள் நுழையும்போது உதறிய உதறலில் ஒரு செருப்பு படியிலும் மற்றொன்று வில்வ மரத்தடியிலும் போய் விழுந்தது.

"இந்தக் கண்றாவியைக் கண்டுபிடிச்சவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும் சாமி..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மடத்துக்குள் சத்தம் போடக் கூடாது என்று ஊரையே அதட்டுகிறவர் அவர்தான்.

வில்வசாமி பூக்கட்டுவதற்காக வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

சாமிக்கு முப்பத்தைந்து வயதுதான். அம்பலவாணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு இந்த வெள்ளாற்றங்கரை மடத்துக்கு வந்தவர். மகன் வயதுடைய ஒருவரைக் குருவாக ஏற்றுக்கொள்ள அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இருக்கவில்லை. அந்த மட்டில் பெரிய மனசுதான். ஆனால் பஸ் நிலையம் மட்டும் அவரைவிட்டுப் போகவே இல்லை. தாமதமாக வண்டியைக் கொண்டுவரும் டிரைவர் ஆயிரம் காரணம் சொன்னாலும் காது கொடுக்காமல் மெமோ கொடுத்த கை அது. மடத்திலும் யாராவது எதையாவது தவறாகச் செய்ய மாட்டார்களா என்று அந்தக் கை துறுதுறுத்துக்கொண்டே இருக்கும்.

"என்ன ஆச்சுய்யா?" என்றார் சாமி.

அம்பலவாணன் துண்டில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்து, பாம்புக் குட்டியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். ஷார்ஜாவில் இருக்கும் மகன் அனுப்பிய புதுப் போன். திரை இரண்டு பக்கமும் வழிந்து, ஓரத்தில் சட்டம் என்று ஒன்று இல்லாமல் பின்பக்கமாக வளைந்து இறங்கியிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிடிக்கத்தான் இடமில்லை.

"எங்க தொட்டாலும் திரை சாமி. புடிச்சா எதையாவது திறந்து விடுது. புடிக்காட்டி வழுக்கிக் கீழ விழுது. மனுசன் எதைத்தான் புடிக்கிறது?"

"மகன்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். உறை போடுங்கப்பாங்கறான். போட்டேன். உறையும் ஓரத்தை மூடல. செட்டிங்ஸ்ல ஏதோ மாத்துங்கங்கறான். மாத்தப் போன இடத்துல அவன் மாமியாருக்குப் போன் போயிடுச்சு."

சாமி சிரிக்கவில்லை. அம்பலவாணனின் குரல் நடுங்கியதை அவர் கவனித்திருந்தார்.

"இது வெறும் போன் சங்கதி இல்லபோல இருக்கே" என்றார்.

அம்பலவாணன் தரையில் உட்கார்ந்தார்.

"என் தங்கச்சி செண்பகம் கூப்பிட்டா சாமி. அவ மகளுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு. முதல் போன் எனக்குத்தான் போட்டிருக்கா. தாய்மாமன் இல்லியா? அவ பேரைப் பாத்ததும் சந்தோசமா அள்ளி எடுத்தேன். அந்தச் சிவப்புப் பொத்தான் ஓரத்துல உக்காந்திருக்கு. கைச்சதை பட்டு லைன் கட் ஆயிடுச்சு. மறுபடி அடிச்சா. பதறிப்போய் எடுத்தேன், மறுபடி கட். மூணாந்தடவையும் இதே கூத்துதான்."

"நீங்க கூப்பிடலியா?"

"கூப்பிட்டேனே! தெரியாம கை பட்டுடுச்சும்மான்னு சொன்னேன். அதுக்கு என்ன கேட்டா தெரியுமா? 'மூணு தடவையுமாண்ணே தெரியாம படும்?'னு கேட்டா. போனை வச்சிட்டா."

அவருடைய மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"அவ புது வீடு புகுந்தப்ப நான் போகல. அப்ப ஒரு மனஸ்தாபம். அதை இன்னமும் நெஞ்சுல வச்சிருக்கா. வேணும்னேதான் கட் பண்ணினேனாம். கல்யாணத்துல பொண்ணுக்கு மாமன் மாலையை நெய்வேலி சித்தப்பா மவன் போடப் போறானாம். மச்சான் போன் பண்ணிச் சொல்றாரு. அந்தப் பொண்ணுக்கு என் மடியில உக்கார வச்சித்தான் சாமி காது குத்தினாங்க. அழுது என் சட்டையெல்லாம் நனைச்சா. அவளுக்கு இன்னொருத்தன் மாலை போடுவானாம், நான் பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு வரணுமாம்!"

"அவங்க என்ன செஞ்சிருக்கணும்னு நினைக்கிறீங்க?"

"நம்பியிருக்கணும்!" அம்பலவாணன் தொடையில் அடித்துக்கொண்டார். "கூடப் பொறந்தவன் சொல்றான், தெரியாம பட்டுச்சுன்னு. அந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை வேணாமா? இத்தனை வருசம் பாத்த மூஞ்சிதானே? இவன் அப்படிச் செய்யிற ஆளான்னு ஒரு நிமிசம் யோசிக்க வேணாமா? தெரியாம பட்ட கைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? அக்கிரமம் சாமி. சுத்த அக்கிரமம்."

சாமி நனைந்த நாரை எடுத்து உதறினார்.

"நீங்களே சொல்லுங்க" என்றார் அம்பலவாணன். "தெரியாமத்தான் பட்டுச்சுன்னு ஒருத்தரை எப்படி சாமி நம்ப வைக்கிறது?"

சாமி வெளியே எட்டி வெயிலைப் பார்த்தார்.

"பொழுது இறங்குது. குடத்தை எடுத்துட்டு வந்துடுங்க. அதுக்குள்ள நான் பூவைக் கட்டி வைக்கிறேன்."

கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று அம்பலவாணனுக்கு எரிச்சல்தான். ஆனாலும் எழுந்தார். குடம் எடுப்பது அவருடைய வேலை. அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த மடத்தில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும் முன், ஆற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து சித்தர் சமாதிக்கு ஊற்ற வேண்டும். ஊற்றி முடிகிற வரைக்கும் குடம் தூக்கி வருகிறவர்மேல் யாரும் படக் கூடாது. பட்டால் அந்தத் தண்ணீரை வில்வ மரத்தடியில் கொட்டிவிட்டுத் திரும்ப ஆற்றுக்குப் போக வேண்டும். பழைய முறைதான். ஆனால் இடையில் வந்தவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டால் "சிவ சிவா" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார்கள். அம்பலவாணன் வந்த பிறகுதான் முறை மறுபடி விறைப்பாக நின்றது.

நின்றதோடு விட்டதா? போன பௌர்ணமியன்று கொளஞ்சியின் வயிற்றில் அடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

கொளஞ்சி மடத்துக்குப் பூக்கட்டுகிறவர். வாசலோரம் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் உட்கார்ந்து கட்டுவார். வாசல் குறுகல். இரண்டு பக்கமும் கருங்கல். ஒருவர் குடத்தோடு நுழைந்தால் ஒதுங்க இடமிருக்காது. அன்றைக்குக் கூட்டம் வேறு. அம்பலவாணன் குடத்தோடு வந்தபோது கொளஞ்சியின் முழங்கை அவருடைய இடுப்பில் பட்டுவிட்டது.

"தெரியாம பட்டுடுச்சுங்கய்யா" என்று கொளஞ்சி எழுந்தே நின்றுவிட்டார்.

"தெரியாம எப்படிப் படும்? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? வேணும்னே பண்றது!" அம்பலவாணன் குடத்தை அங்கேயே கவிழ்த்தார். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "இவனுங்களை எல்லாம் வாசல் வரைக்கும் விட்டா இப்படித்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சொல் அங்கே நின்றிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. ஒருத்தராவது வாய் திறக்கவில்லை. கொளஞ்சி கட்டி முடித்த சரத்தை வாழை இலையில் வைத்தார். மீதிப் பூவையும் பக்கத்தில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான், அதன் பிறகு மடத்துப் பக்கம் வரவில்லை. வெளியூர் போயிருந்த சாமி திரும்பி வந்து கேட்டார். பிறகு கொளஞ்சியின் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். "என்னைத் திட்டுனதுக்கு இல்ல சாமி, நான் சொன்னது பொய்யுன்னு ஆயிடுச்சே" என்று மட்டும் கொளஞ்சி சொன்னாராம். கடைத்தெருவில் வாங்கிய சரம்தான் அதற்கப்புறம் சமாதிக்கு. இன்றைக்குத்தான் சாமி தானே கட்டுவதென்று உட்கார்ந்திருந்தார்.

அம்பலவாணனுக்கு இதில் உறுத்தல் ஏதும் இல்லை. முறையைக் காப்பாற்றிய திருப்தி மட்டும்தான் இருந்தது.

அவர் ஆற்றில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு மணலைக் கடந்து வந்தார். வாசலில் சாமி உட்கார்ந்திருந்தார். கொளஞ்சி உட்காரும் அதே இடம். மடியில் நந்தியாவட்டை குவிந்திருந்தது.

அம்பலவாணன் வாசலுக்குள் கால் வைத்தார். சாமி பூவை வைத்து முடிச்சுப் போட்டு நாரை இழுத்தார். முழங்கை வெளியே வந்து அவருடைய இடுப்பில் பட்டது.

"அடடா" என்றார் சாமி. "தெரியாம பட்டுடுச்சு அய்யா."

"அதனால என்ன சாமி? உங்க கைதானே."

"கையில என்ன என் கை, அடுத்தவன் கை? முறைன்னா எல்லாருக்கும் முறைதானே. நீங்கதானே சொல்லுவீங்க."

சொன்னது உண்மைதான். அம்பலவாணனால் மறுத்துப் பேச முடியவில்லை. வில்வ மரத்தடியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஆற்றுக்குத் திரும்பினார்.

மறுபடி வந்தார். இந்த முறை எதிர்ப்பக்கக் கல்லை உரசிக்கொண்டு நுழைந்தார். சாமி தலை குனிந்து முடிச்சில் கண்ணாக இருந்தார். பழகாத கை. நார் சிக்கிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தார். முழங்கை வந்து பட்டது.

"பட்டுடுச்சா?"

"பட்டுடுச்சு சாமி."

"தெரியாமத்தான் அய்யா."

"தெரியாமத்தான்" என்றார் அம்பலவாணன், பல்லைக் கடித்துக்கொண்டு. "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா உக்காரலாமே?"

"அந்தப் பக்கம் வெளிச்சம் இல்லியே."

அம்பலவாணன் மரத்தடிக்குப் போனார். தண்ணீரை அவர் கொட்டிய வேகத்தில் சேறு தெறித்தது. ஆற்றுக்குப் போகிற வழியெல்லாம் முணுமுணுத்தார். முழங்கால் வலித்தது. ஈர வேட்டி காலைச் சுற்றிச் சுற்றி இழுத்தது. குருவாக இருந்தால் மட்டும் என்ன, பார்த்துக் கையை நீட்ட வேண்டாமா? குடத்தோடு ஆள் வருவது தெரியாதா? வயசானவன் எத்தனை நடைதான் நடப்பான்?

மூன்றாவது முறை அவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். மூச்சு வாங்கியது.

"சாமி, குடம் வருது."

"வாங்கய்யா."

சாமி கையை மடியோடு ஒடுக்கிக்கொண்டார். அம்பலவாணன் வயிற்றை உள்ளே இழுத்து, உடம்பைக் குறுக்கி, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து உள்ளே வந்தார். கடந்தே விட்டார். அப்போதுதான் சாமியின் மடியிலிருந்த பூ சரியப் பார்த்தது. அதைத் தாங்க அவர் கை சட்டென்று போனது. முழங்கை அம்பலவாணனின் முதுகில் பட்டது.

அம்பலவாணன் குடத்தைத் தொப்பென்று கீழே வைத்தார். தண்ணீர் அலம்பிக் கல்லெல்லாம் நனைந்தது. அவருக்குக் கண்மண் தெரியவில்லை. குரு என்பதும் மறந்துபோயிற்று.

"மூணு தடவையுமா சாமி தெரியாம படும்?"

குரல் கருங்கல்லில் மோதி மண்டபத்துக்குள் போய்த் திரும்பி வந்தது. அவர் காதிலேயே விழுந்தது. அவருடைய குரல்தான். ஆனால் சொல் செண்பகத்தின் சொல். ஒரு எழுத்து மாறவில்லை.

சாமி பூக்கட்டுவதை நிறுத்திவிட்டார்.

அம்பலவாணன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சற்றுத் தள்ளித் துண்டின்மேல் போன் கிடந்தது. அதை எடுக்கக் கை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார்.

"நிசமாவே தெரியாமதான் பட்டுச்சா சாமி?" என்றார் கடைசியில்.

"நம்பறதும் நம்பாததும் உங்க கையிலதான் அய்யா இருக்கு."

அம்பலவாணன் தலையைக் குனிந்துகொண்டார். நெஞ்சுக்குள் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் இப்போது இருந்ததற்கு அவருக்குப் பேர் சொல்லத் தெரியவில்லை. அதுதான் கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"என் தங்கச்சிகிட்ட இப்ப நான் என்னன்னு சொல்றது?"

சாமி கட்டிய சரத்தைச் சுருட்டி இலையில் வைத்தார். முடிச்சுகள் தாறுமாறாக இருந்தன. மீதிப் பூவை அவர் கட்டவில்லை.

"தங்கச்சிக்கு அப்புறம் சொல்லிக்கலாம் அய்யா" என்றார். "கொளஞ்சி கை ஒரு தடவைதான் பட்டுச்சு."