சாப்பாட்டுக்கு எழுப்பவும்

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு சின்ன ஆசிரமம். அங்கே சாப்பாட்டு நேரத்தில் யாரும் தூங்கிவிட முடியாது. குழந்தைவேலு விடமாட்டார்.

குழந்தைவேலு மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் ரொம்ப மூத்த சீடர். மணி அடித்தும் பந்திக்கு வராதவர்களைத் தேடிப்போய் எழுப்புவதை அவராகவே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். காய்ச்சலில் படுத்திருப்பவரையும் விடமாட்டார். ஒருமுறை கண்மூடித் தியானத்தில் இருந்த வெளியூர்க்காரர் ஒருவரின் தோளைத் தட்டி, ரசம் ஆறுகிறது என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் நேரே குருவிடம் போய் முறையிட்டார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரசம் எப்படி இருந்தது என்று விசாரித்தாராம் குரு. அதோடு சரி.

அந்தக் குருவை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட்டார்கள்.

குழந்தைவேலு ஏன் இப்படி எழுப்பிக்கொண்டே திரிகிறார் என்பது ஆசிரமத்தில் அரைகுறையாகத் தெரிந்த விஷயம். அவர் மனைவி தெய்வானை ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ராத்திரி நர்ஸ் கஞ்சி கொண்டுவந்து எழுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாள். இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விடிவதற்குள் அந்த அம்மாள் போய்விட்டாள். "பசியோட அனுப்பிட்டேனுங்க" என்பார். அதற்குமேல் சொல்லமாட்டார். கேட்பவர்களுக்கும் மேலே கேட்க வாய் வராது.

லண்டனில் இருக்கிற அன்பர்கள் சாமியைப் பேச அழைத்தார்கள். சாமிக்கு முதுகுவலி என்று கேள்விப்பட்டு, கால் நீட்டிப் படுக்கிற பிசினஸ் கிளாஸில் அவருக்கும் துணைக்கு வரும் குழந்தைவேலுவுக்கும் இடம் போட்டிருந்தார்கள். கிளம்புகிற வாரம் முழுக்க ஆசிரமத்தில் விழா. சாமி சரியாகப் படுக்கவே இல்லை. அவர் ஒருவேளைதான் சாப்பிடுகிறவர். கிளம்புகிற அன்று பார்க்க வந்த கூட்டத்தில் அந்த ஒருவேளையும் போயிற்று. பொள்ளாச்சி டாக்டர் வேறு, சாமி சாப்பாட்டையும் விடக்கூடாது, தூக்கத்தையும் விடக்கூடாது என்று குழந்தைவேலுவிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். விமானம் ராத்திரியில் கிளம்பிக் காலையில் இறங்கும். இறங்கியதும் நேரே கூட்டத்துக்குப் போகவேண்டும்.

சாமி இருக்கையில் உட்கார்ந்தார். பெல்ட் போட்டார். விமானம் நகர்வதற்குள் தூங்கிவிட்டார்.

அந்தப் பக்கம் வேலை பார்த்த பணிப்பெண் நாகர்கோவில்காரி. பெயர் ஷெரின். குழந்தைவேலுவின் வேட்டியைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினாள். ஆளுக்கு இரண்டு ஸ்டிக்கர் கொடுத்தாள். ஒன்றில் சாப்பாட்டுக்கு எழுப்பவும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. மற்றதில் எழுப்ப வேண்டாம். எது வேண்டுமோ அதை இருக்கையில் ஒட்டிவைத்தால் போதும், அதன்படி செய்வோம் என்று விளக்கினாள்.

"சாமி தூங்குறாரே, அவருக்கும் நீங்களே ஒட்டிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

குழந்தைவேலு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எழுப்பவும் என்பதை எடுத்து சாமியின் தலைமாட்டில் ஒட்டினார். ஒட்டிவிட்டுச் சாமியின் முகத்தைப் பார்த்தார்.

இத்தனை வருஷம் கூடவே இருந்தும் சாமி தூங்கி அவர் பார்த்ததில்லை. இவர் எழும்போது சாமி முன்னமே எழுந்திருப்பார். இவர் படுக்கும்போது உட்கார்ந்திருப்பார். இப்போது வாய் லேசாகத் திறந்து, கன்னம் தலையணையில் அமுங்கி, பால் குடித்துவிட்டுத் தூங்குகிற பிள்ளை மாதிரி கிடந்தார். இந்த முகத்தை எப்படி எழுப்புவது என்று குழந்தைவேலுவுக்கு மனசு இளகிவிட்டது.

ஸ்டிக்கரைப் பிய்த்தார். எழுப்ப வேண்டாம் என்பதை ஒட்டினார்.

உடனே டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. சாமி நேற்றுச் சாப்பிட்டவர். நாளைக்கு அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு தலை சுற்றினால் யார் பொறுப்பு? அதையும் பிய்த்தார். பழையதை மறுபடி ஒட்டினார். கோவில் கும்பாபிஷேகத்துக்கு மின் இணைப்புக் கொடுத்தபோதுகூட அவர் இவ்வளவு குழம்பியதில்லை. ஒட்டி ஒட்டிப் பசையே போய், கடைசியில் இரண்டும் ஒட்டாமல் அவர் விரலிலேயே சுருண்டுகொண்டன.

சாப்பாட்டு வாசனை வந்தது. ஷெரின் வெள்ளைத் துணி விரித்த தட்டோடு வந்து நின்றாள். சாமியின் இருக்கையில் எந்த ஸ்டிக்கரும் இல்லை.

"சார், சாமியை எழுப்பட்டுமா?"

குழந்தைவேலு சாமியின் தோளுக்குக் கையைக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் சூடாக வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். வைக்கிறேன், ரொம்ப நேரம் முடியாது, அப்புறம் காலை டிபன் வரைக்கும் பன்னும் பழமும்தான் என்றாள். அவள் போனாள். திரும்பி வந்தாள். இவர் கை இன்னும் அந்தரத்திலேயே இருந்தது.

"வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார்.

சொன்னபிறகுதான் அது எந்த வார்த்தை என்று உறைத்தது. தனக்கும் சாப்பாடு வேண்டாம் என்றார். ஒரே ஒரு பன்னை மட்டும் வாங்கித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஷெரின் சாமியின் இருக்கையை மெல்லச் சாய்த்துப் போர்வை போர்த்திவிட்டாள். விளக்கை அணைத்தார்கள். சுற்றிலும் எல்லோரும் இருக்கையைச் சாய்த்துப் படுத்தார்கள். குழந்தைவேலு மட்டும் பஸ் ஸ்டாண்டில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாமியின் போர்வை நழுவியபோது ஏற்றிவிட்டார். யாரோ படிப்பதற்குப் போட்ட விளக்கு சாமியின் முகத்தில் விழுந்தபோது தன் துண்டை விரித்து மறைத்துப் பிடித்தார். கண் மட்டும் போர்வையை விட்டு நகரவில்லை. அது ஏறியது, இறங்கியது. ஏறும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு உயிர் வந்தது.

ஒரு சமயம் அது ஏறியதாகத் தெரியவில்லை.

காத்திருந்தார். இருட்டில் சரியாகத் தெரியவில்லையா, நிஜமாகவே அசையவில்லையா என்று புரியவில்லை. எழுந்து குனிந்து, சாமியின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தார்.

சாமி கண்ணைத் திறந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க சாமி. மூச்சு இருக்குதான்னு பாத்தேனுங்க."

"இருக்குதா?"

"இருக்குதுங்க."

சாமி எழுந்து உட்கார்ந்தார். குழந்தைவேலுவின் விரலில் சுருண்டுகிடந்த ஸ்டிக்கர்களைப் பார்த்தார். சாப்பாடு வந்து போய்விட்டதா என்று கேட்டார். வந்து போய்விட்டது என்றார் குழந்தைவேலு. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை. தூங்கினீர்களா? அதுவும் இல்லை. இரண்டுக்கும் கெட்ட தன் ராத்திரியை நினைத்துக் குழந்தைவேலுவுக்கே வெட்கமாக இருந்தது.

ஆறு வருஷமாகக் கேட்காத ஒன்றை அப்போது கேட்டார்.

"எழுப்பியிருக்கோணுமுங்களா சாமி?"

"என்னையா? அந்த அம்மாவையா?"

குழந்தைவேலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு நடந்ததை முழுசாகச் சொல்லுங்கள் என்றார் சாமி.

குழந்தைவேலு மெதுவாக ஆரம்பித்தார். தெய்வானைக்கு அந்த வாரம் முழுக்க வலி. ஒரு பருக்கை இறங்கவில்லை, ஒரு பொட்டுத் தூக்கமும் இல்லை. அன்று சாயங்காலம் அவளாகவே, உப்புப் போட்டுக் கொஞ்சம் கஞ்சி கிடைக்குமா என்று கேட்டாள். இவர் ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னார். கஞ்சி வருவதற்குள் ஊசியின் தயவில் அவள் கண் அசந்துவிட்டாள். இவர் கையைப் பிடித்தபடியே அசந்துவிட்டாள். கஞ்சி வந்தது.

"அவளே கேட்ட கஞ்சிங்க சாமி. நானா ஊட்டப்போகலை. அவளா கேட்டா."

"நர்ஸ் என்ன கேட்டாங்க?"

"எழுப்பட்டுமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னு சொன்னேனுங்க."

"அவ்வளவுதான் சொன்னீங்களா? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டார். அந்த ராத்திரிக்குள் போய், அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, கதவோரம் நின்ற நர்ஸைப் பார்த்தார்.

"எழுப்ப வேண்டாம்மா, நான் முழிச்சுத்தான் இருக்கேன். அப்படித்தானுங்க சொன்னேன்."

"முழிச்சிருந்தீங்களா?"

"விடிய விடிய இருந்தேனுங்க. அவ கை என் கையிலதான் இருந்துச்சு."

சாமி குழந்தைவேலுவின் மடியில் இருந்த துணியை எடுத்துப் பிரித்தார். பன்னை இரண்டாகப் பிய்த்தார். பெரிய பாதியை அவர் கையில் வைத்தார். சிறியதைத் தான் சாப்பிட்டார். பன் ஆறி ரப்பர் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் அதை மென்று முடித்தார்கள்.

"இப்ப நீங்க படுங்க" என்றார் சாமி.

"நீங்க பதில் சொல்லலீங்களே."

"படுங்க. சொல்றேன்."

இருக்கையைச் சாய்க்கிற பொத்தான் எது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சாமி ஒன்றை அழுத்த, விளக்கு எரிந்தது. இன்னொன்றை அழுத்த, இருக்கை குழந்தைவேலுவை முன்னால் தள்ளியது. மூன்றாவதாக அழுத்தியதில் மெல்லச் சாய்ந்து கட்டிலாயிற்று. பதில் வரும் என்று குழந்தைவேலு காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார். எப்போது தூங்கினார் என்று அவருக்கே தெரியாது. தெய்வானை போனபிறகு அவர் அப்படித் தூங்கியதில்லை.

காபி வாசனையில் பாதி விழிப்பு வந்தது. கண் திறக்கவில்லை. தட்டுகள் மெல்ல இடிபடும் சத்தம் பக்கத்து வரிசை வரை வந்து, தன் தலைமாட்டில் நின்றது.

"சாமி, டிபன் வந்திருக்கு" என்று ஷெரின் தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஐயா ராத்திரியும் ஒண்ணும் சாப்பிடலை. எழுப்பட்டுமா?"

அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் குழந்தைவேலு எழுந்துகொள்ளப் பார்த்தார். யாரோ போர்வையை அவர் தோள் வரை இழுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே கதகதப்பாக இருந்தது. அவருடைய கை இன்னொரு கைக்குள் இருந்தது.

"எழுப்ப வேண்டாம்மா" என்றார் சாமி. "நான் முழிச்சுத்தான் இருக்கேன்."