நானூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகள்

முனிரத்தினத்துக்கு ஐம்பது வயது. ஷமீம் டீச்சருக்கு முப்பத்துநாலு. இவர்களில் மாணவர் முனிரத்தினம்.

அவருடைய தம்பி தோல் கம்பெனியின் கழிவுத் தொட்டியில் இறங்கி, மூச்சு முட்டி இறந்துபோனார். கம்பெனி விசாரித்து நாலு பக்க அறிக்கை கொடுத்தது. இங்கிலீஷில். இறந்தவர் வீட்டில் யாருக்கும் புரிந்துவிடக் கூடாது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை. ஆறு மாதத்துக்குள் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், இல்லை மறுத்து எழுதித் தர வேண்டும். படித்துச் சொல்கிறேன் என்று யார் யாரோ வந்தார்கள்.

"என் தம்பி சாவை நானே படிச்சிக்கிறேன்" என்று அவர் இங்கிலீஷ் கற்க டீச்சரிடம் வந்துவிட்டார்.

டீச்சர் அறிக்கையைத் தொடவில்லை. லண்டனில் குதிரை வண்டி ஓடிய காலத்துத் துப்பறியும் கதை ஒன்றைக் கையில் கொடுத்தார்.

முனிரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் படித்தார். பள்ளிக்கூடத்தில் பழகியபடி, கடினமான வார்த்தை ஒவ்வொன்றின் மேலேயும் பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதினார். நோட்டில் பத்துப் பத்து முறை எழுதி மனப்பாடம் செய்தார். ஆறாம் மாதம் பிறந்ததும் புத்தகத்தைக் கொண்டுவந்து டீச்சர் மேஜைமேல் வீசினார்.

"நானூத்திப் பன்னெண்டு வார்த்தை. எதை வேணா கேளுங்க."

"கொலை பண்ணது யாரு?"

"டாக்டர்."

"துப்பறியறவர் அதை எப்படிக் கண்டுபிடிச்சாரு?"

முனிரத்தினத்தின் குரல் உயர்ந்தது.

"நான் வார்த்தை கத்துக்கத்தான வந்தேன்? என் தம்பி போயிட்டான். லண்டன்ல எவன் செத்தா எனக்கென்ன டீச்சர்?"

டீச்சருக்கும் கோபம் வந்தது. ஒரு ரப்பரை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"எழுதினது அத்தனையும் அழிச்சிட்டுப் படிங்க. அதுவரைக்கும் இங்க வராதீங்க."

அழிக்கவே மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு பக்கத்துக்கும் டீச்சரைத் திட்டினார். திட்டிக்கொண்டே படித்தார்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"அந்த வீட்ல சமையக்காரி, வண்டிக்காரன், எல்லாரையும் போலீஸ்ல விசாரிச்சாங்க. டாக்டரை மட்டும் யாரும் கேக்கல. பொணத்தைப் பாத்து எழுதிக் குடுத்ததே அவன்தானே. துப்பறியறவர் அவனைத்தான் கேட்டாரு."



முனிரத்தினம் சட்டைப் பையிலிருந்து அறிக்கையை எடுத்துப் பிரித்தார்.

"இதுல ஒன்பது பேரை விசாரிச்சிருக்காங்க. வாட்ச்மேன், டீக்காரர், கூட வேலை செஞ்சவங்க. மேனேஜரை யாருமே கேக்கல. கீழ கையெழுத்துப் போட்டிருக்கறதே அவன்தான்."

அவர் அழுதார். துக்கத்தைவிட அதில் கோபம்தான் அதிகம். அது டீச்சர்மேல் இல்லை.

"நாளைக்கு எழுதித் தரணும் டீச்சர். வார்த்தையெல்லாம் தெரியும். இவங்களை மாதிரி கோத்து எழுத எனக்கு வராது."

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் தள்ளினார்.

"'என் தம்பியை உள்ள இறங்கச் சொன்னது யாரு'ன்னு கேட்டு எழுதுங்க."

"இங்கிலீஷ்ல அதை எப்படி..."

"தமிழ்லயே எழுதுங்கண்ணா. இப்ப அவங்க அர்த்தம் தேடட்டும்."